பக்கத்தில் அமர்ந்து உண்பவருக்காக: உணவு மேசை நாகரிகம், ஓர் எளிய அறிமுகம்

உண்பது முழுக்க முழுக்க உடலின் வேலை. வாய் திறந்து மூடுகிறது, பற்கள் அரைக்கின்றன, உமிழ்நீர் ஊறுகிறது, விரல்களில் பிசுக்கு ஒட்டுகிறது, இடையில் தும்மலும் ஏப்பமும் வருகின்றன. தனியாக உண்ணும்போது இவற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தபடி, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்ணும்போது, ஒருவருடைய உடலின் வேலை அடுத்தவருடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிறது. அவருடைய பங்கிலும் குறுக்கிடுகிறது. அந்த நெருக்கத்தில் எவரும் அருவருப்போ கூச்சமோ அவசரமோ படாமல் நிம்மதியாக உண்டு எழுவதற்காக மனிதர்கள் காலப்போக்கில் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் உணவு மேசை நாகரிகம் என்கிறோம்.

இதைப் புதிதாகக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கையில் எந்தக் கரண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கும் பின்னால் பதில் வருகிறது. ஆயினும், கரண்டி பிடிக்கும் முறை இந்த நாகரிகத்தின் மிகச் சிறிய பகுதி என்பதே என் உறுதியான கருத்து. எல்லாக் கரண்டிகளையும் முறைப்படி பிடித்துக்கொண்டு, பரிமாறுகிறவரிடம் எரிந்து விழுகிற ஒருவருக்கு மேசை நாகரிகம் தெரியும் என்று சொல்ல முடியாது. காரணம் தெரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால், இக்கட்டுரை காரணங்களின் வழியாகவே விதிகளுக்குப் போகிறது.

தமிழில் எச்சில் என்றொரு சொல் இருக்கிறது. வாயில் பட்டதும், வாயில் பட்ட கையால் தொட்டதும், உண்டு மிஞ்சியதும் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் விதிகளில் பாதி தாமாகவே விளங்கும். உங்கள் வாய்க்குள் போன கரண்டி பொதுப் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. கடித்த துண்டை மறுபடியும் பொதுக் கிண்ணத்துச் சாற்றில் தோய்க்கக் கூடாது. கையால் உண்கிறீர்கள் என்றால், உண்ணும் கை வேறாகவும் பரிமாறும் கரண்டியைத் தொடும் கை வேறாகவும் இருக்க வேண்டும். ஒரு கறியை ருசி பார்க்க விரும்பினால், சிறிதளவு உங்கள் தட்டில் இட்டுக்கொண்டு பிறகு வாயில் வைக்க வேண்டும். வாயில் உள்ள கிருமிகள் உமிழ்நீரோடு பாத்திரத்தில் இறங்குகின்றன என்பது இதற்குரிய வெளிப்படையான காரணம். இன்னொரு காரணமும் உண்டு: உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைக்கக்கூடியது, மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பில் எச்சில் கரண்டியை இட்டு வைத்தால், அது நேரம் செல்லச் செல்ல நீர்த்துவிடும். ஒருவர் அறியாமல் செய்த செயல், அவருக்குப் பின்னால் உண்ண வருகிறவரின் உணவையே மாற்றிவிடுகிறது.

உண்ணும் முன் கை கழுவுவதும் இதன் தொடர்ச்சியே. நீரில் விரல்களை நனைத்து எடுப்பது கழுவுவதாகாது. சோப்பு இட்டு, விரல் இடுக்குகளும் நகக்கண்களும் உட்பட, குறைந்தது 20 விநாடிகள் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய கையால் கைப்பேசியையோ முகத்தையோ தலைமுடியையோ தொட்டுவிட்டு உணவைத் தொட்டால் கழுவியதன் பயன் போய்விடுகிறது.

அடுத்தது வாயை மூடி மெல்லுவது. குழந்தைகளிடம் ஓயாமல் சொல்லப்படுவது இதுதான்; பெரியவர்களில் பலர் கவனிக்கத் தவறுவதும் இதுதான். மெல்லும் ஓசையைக் கேட்டால் தாங்கமுடியாத எரிச்சலும் பதற்றமும் அடைகிற மனிதர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். இந்த நிலைக்கு மிசோபோனியா என்ற பெயர் 2001-இல் வழங்கப்பட்டது. உங்கள் மேசையில் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். ஓசையின்றி மெல்லுவதற்கு எளிய வழி, கவளத்தைச் சிறியதாக எடுப்பது. வாய் நிறைய அடைத்துக்கொண்டால் உதடுகளை மூட இயலாது, மூச்சு விடுவதும் கடினம், யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. சிறு கவளமாக இருந்தால், இரண்டு மூன்று மெல்லுகளில் விழுங்கிவிட்டுப் பேச்சில் கலந்துகொள்ளலாம்.

வாயில் உணவோடு பேசக் கூடாது என்பதற்குப் பார்ப்பவரின் அருவருப்பு மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். உணவு செல்லும் வழியும் காற்று செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று கடக்கின்றன. விழுங்கும்போது குரல்வளைமூடி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. பேசும்போதும் சிரிக்கும்போதும் மூச்சை உள்ளிழுக்கும்போதும் அந்த வழி திறந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் உணவு தவறான வழியில் இறங்கக்கூடும். ஆகையால், பக்கத்தில் இருப்பவர் கவளத்தை வாயில் வைத்த அந்தக் கணத்தில் அவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதும், கேட்டுவிட்டால் அவர் விழுங்கி முடிக்கும்வரை பொறுத்திருப்பதும் நல்ல பழக்கங்கள்.

இனி அழைப்பு வந்த நேரத்திலிருந்து தொடங்கலாம், ஏனெனில் மேசையில் அமர்வதற்கு முன்பே விருந்தினரின் பொறுப்பு ஆரம்பமாகிவிடுகிறது. வருவீர்களா, மாட்டீர்களா என்பதைத் தெளிவாகவும் விரைவாகவும் சொல்லுங்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. உங்களுக்கு ஏதாவது உணவு ஒவ்வாமை இருந்தால், அல்லது சமயம், கொள்கை, மருத்துவம் ஆகிய காரணங்களால் ஏதாவது உணவைத் தவிர்ப்பவராக இருந்தால், அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை. சொன்னால் தொந்தரவாக இருக்குமே என்று தயங்கி, மேசையில் அமர்ந்த பிறகு எதையும் தொடாமல் இருந்தால், சமைத்தவருக்குத்தான் அதிக வருத்தம். ஒவ்வாமை என்பது சிறு விஷயமும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், எள், கடுகு உள்ளிட்ட 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் இருந்தால் அதை உண்பவருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். வீட்டு விருந்தில் அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லாததால், விருந்தினர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மேசைக்கு வந்தபின், எங்கே அமர்வது என்பதை அழைத்தவர் காட்டும்வரை பொறுத்திருங்கள். தட்டின் அருகே மடித்து வைத்திருக்கும் கைத்துண்டு இருந்தால், அமர்ந்ததும் அதை விரித்து மடியில் இட்டுக்கொள்ளுங்கள். உதட்டையும் விரலையும் மெல்ல ஒற்றி எடுப்பதற்கே அது, மூக்கு சிந்துவதற்கு அன்று. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, அழைத்தவர் உண்ணத் தொடங்கியதும் நீங்களும் தொடங்கலாம். கூட்டம் பெரியதாக இருந்து, உணவு ஆறிப்போகும் என்று அழைத்தவரே முன்னதாகத் தொடங்கச் சொன்னால், மறுக்காமல் தொடங்கிவிடுவதுதான் சரி. ருசி பார்க்கும் முன்பே உப்பை அள்ளித் தூவ வேண்டாம். சமைத்தவரின் கைப்பக்குவத்தை அது பார்க்காமலே தீர்ப்பு சொல்லும் செயல்.

பொதுப் பாத்திரத்திலிருந்து எடுக்கும்போது, மேசையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். நல்ல துண்டைத் தேடிப் பாத்திரத்தைக் கிளறக் கூடாது. முதலில் குறைவாக இட்டுக்கொண்டு, வேண்டுமானால் இரண்டாம் முறை கேட்பது எப்போதும் நல்லது, ஏனெனில் வயிறு நிறைந்தது என்ற உணர்வு மூளைக்குத் தெளிவாக எட்ட ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகின்றன. பசியின் வேகத்தில் எடுத்த அளவு பெரும்பாலும் தட்டில் மிஞ்சிவிடும். எட்டாத தூரத்தில் இருப்பதை எடுக்க மற்றவரின் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டாமல், அருகில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களைக் கடந்து ஒரு பாத்திரம் போகிறது என்றால், அதன் கைப்பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுங்கள். பாத்திரத்தில் கடைசித் துண்டு மிஞ்சியிருந்தால், மற்றவர்களிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இப்போது கரண்டிகளைப் பற்றிப் பேசலாம். முறைசார்ந்த விருந்தில் தட்டின் இருபுறமும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் முள்கரண்டிகளும் கத்திகளும் புதியவரை மிரட்டுவது இயல்பே. ஆனால் அந்த வரிசையே உங்களுக்கு வழி காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய பழக்கப்படி, எல்லா உணவையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கரண்டி என்பதால் முதலில் தேவைப்படுவது வெளிப்புறத்திலும் கடைசியில் தேவைப்படுவது தட்டை ஒட்டியும் இருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கி வந்துகொண்டே இருந்தால் தவறு நேராது. முள்கரண்டிகள் இடப்புறம், கத்திகளும் சூப்புக் கரண்டியும் வலப்புறம் இருக்கும். ரொட்டித் தட்டு உங்களுக்கு இடப்புறமும் குடிநீர்க் குவளை வலப்புறமும் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் ரொட்டியையோ தண்ணீரையோ தவறி எடுத்துவிடாமல் இருக்க, திடப்பொருள் இடம், திரவப்பொருள் வலம் என்று நினைவில் வைத்தால் போதும்.

இந்தக் கருவிகள் மேசைக்கு வந்த வரலாறும் நாம் முதலில் பேசிய காரணத்தையே திரும்பச் சொல்கிறது. இங்கிலாந்துப் பயணி தாமஸ் கோரியட், 1611-இல் வெளியான தம் பயண நூலில், இத்தாலியர்கள் இறைச்சியை முள்கரண்டியால் பிடித்துக்கொண்டு வெட்டுவதை ஒரு புதுமையாக விவரித்தார். எல்லோருடைய விரல்களும் ஒரே அளவு சுத்தமாக இருப்பதில்லை என்பதால் பொதுத் தட்டில் விரல் படுவதை அவர்கள் விரும்புவதில்லை என்று அதற்குக் காரணமும் எழுதினார். அதற்கும் முன்னால், 1530-இல், டச்சு அறிஞர் எராஸ்மஸ் சிறுவர்களுக்காக எழுதிய நன்னடத்தை நூலில், அமர்ந்தவுடனே பாத்திரத்தில் கைவிடுவது ஓநாயின் செயல் என்றும், பிசுக்குப் படிந்த விரல்களை நக்குவதோ மேலங்கியில் துடைப்பதோ கூடாது என்றும் கண்டித்திருக்கிறார். கத்தியின் முனை மழுங்கியிருப்பதற்கும் காரணம் உண்டு: மேசையில் கூரிய முனை என்பது அச்சுறுத்தல். பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி 1669-இல் கூர்முனைக் கத்திகளுக்குத் தடை விதித்தார். இன்றும் கத்தியை வைக்கும்போது அதன் வெட்டும் விளிம்பு பக்கத்தில் இருப்பவரை நோக்காமல் உங்கள் தட்டை நோக்கி இருக்க வேண்டும் என்பார்கள். பேசும்போது கத்தியையோ முள்கரண்டியையோ ஆட்டிக் காட்டக் கூடாது என்பதும், கத்தியை வாயில் வைக்கக் கூடாது என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

சூப்பு அருந்தும்போது கரண்டியை உங்களிடமிருந்து விலக்கி முன்நோக்கி அள்ளச் சொல்வதற்கு எளிய காரணம், சொட்டினால் கிண்ணத்திலேயே சொட்டும், உடையில் சொட்டாது என்பதுதான். சூடாக இருந்தால் ஊதுவதைவிடச் சற்றுப் பொறுப்பது நல்லது. முழங்கையை மேசையில் ஊன்றுவதைப் பற்றி நிறையக் கண்டிப்பு உண்டு. உண்ணும்போது ஊன்றினால் பக்கத்தில் இருப்பவரின் இடம் குறையும், உண்ணாமல் பேசிக்கொண்டிருக்கும் இடைவேளையில் அதனால் யாருக்கும் இழப்பில்லை.

ஒரு மேசையில் கையாலும், இன்னொரு மேசையில் குச்சிகளாலும், மற்றொன்றில் முள்கரண்டியாலும் உண்கிறார்கள். இவற்றுள் எதுவும் மற்றதைவிட உயர்ந்ததன்று. பழக்கமில்லாத இடத்துக்குப் போனால், அழைத்தவர் என்ன செய்கிறார் என்று கவனித்து அதன்படி செய்யுங்கள்; தெரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். இதை எப்படி உண்பது என்று காட்டுகிறீர்களா என்று விருந்தினர் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை, அழைத்தவருக்கு அது மகிழ்ச்சியாகவே இருக்கும்.

சேர்ந்து உண்பதில் உணவுக்கு அடுத்தபடியாக நாம் பகிர்ந்துகொள்வது கவனம். கைப்பேசியை மேசைமேல் வைக்காமல், ஒலியை நிறுத்திப் பையில் வைத்துவிடுங்கள். திரை மேல்நோக்கி இருக்கும் கைப்பேசி, எதிரே இருப்பவரைவிட முக்கியமான ஒருவர் எந்த நேரமும் அழைக்கக்கூடும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நோயாளி வீட்டிலிருந்தோ சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்தோ அழைப்பு வரலாம் என்றால், அமரும்போதே அதைச் சொல்லிவிட்டு, வந்ததும் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். இருபுறமும் இருப்பவர்களிடம் பேச வேண்டும். ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டே மறுபக்கம் முதுகைக் காட்டினால், அந்த மனிதர் கூட்டத்துக்கு நடுவே தனியாக உண்கிறார். நோயின் விவரங்கள், கழிவு, அறுவை போன்ற பேச்சுகளை உணவு வேளையில் தவிர்க்க வேண்டும். அதைவிடவும் நான் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வது, அடுத்தவரின் தட்டைப் பற்றிய பேச்சு. இவ்வளவுதானா உண்கிறீர்கள், இவ்வளவு உண்கிறீர்களே, இளைத்துவிட்டீர்கள், பருத்துவிட்டீர்கள் என்ற சொற்கள் அன்பினால் வந்தாலும், கேட்பவரின் தொண்டையில் உணவை நிறுத்திவிடும். உண்ணும் வேகத்தையும் மற்றவர்களோடு ஓரளவு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பாதியில் இருக்கும்போது நீங்கள் முடித்துவிட்டு வெறும் தட்டோடு அமர்ந்திருந்தால், மற்றவர்கள் அவசர அவசரமாக விழுங்கத் தொடங்குவார்கள்.

தவறுகள் நேரத்தான் செய்யும். தண்ணீரைக் கொட்டிவிட்டால், மன்னிப்பு ஒருமுறை கேட்டு, துடைக்க உதவிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். திரும்பத் திரும்ப வருத்தம் தெரிவித்தால் எல்லோரும் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். வாயில் எலும்போ விதையோ அகப்பட்டால், முகத்தைச் சற்றே தாழ்த்தி, விரலாலோ கரண்டியாலோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். உணவில் முடியோ கல்லோ இருந்தால் மேசை முழுக்க அறிவிக்காமல் ஒதுக்கி வைத்துவிடலாம், அல்லது பரிமாறுகிறவரிடம் தணிந்த குரலில் சொல்லலாம். தும்மலோ இருமலோ வந்தால் மேசையிலிருந்து முகத்தைத் திருப்பி, உள்ளங்கையால் அல்லாமல் முழங்கை மடிப்பால் மூடிக்கொள்ளுங்கள். பல் குத்துவதை மேசையில் செய்ய வேண்டாம், கையால் மறைத்துக்கொண்டும் வேண்டாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லா நாகரிகத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டவர்கள், மற்றவர்களுக்கு முன்னால் இருமவும் திணறவும் வெட்கப்பட்டு, எழுந்து கழிவறைக்குத் தனியாகப் போய்விடுவதுண்டு. அங்கே உதவ ஆளில்லாமல் உயிரே போய்விடக்கூடும். அடைத்துக்கொண்டால் எழுந்து போகாதீர்கள். பேச முடியாவிட்டால் கழுத்தைக் கையால் பிடித்துக் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர், அவரால் இரும முடிந்தால் பலமாக இருமச் சொல்ல வேண்டும். பேசவும் இருமவும் மூச்சுவிடவும் முடியாத வளர்ந்தவர் என்றால், ஒருவர் அவசர உதவியை அழைக்க, இன்னொருவர் அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைப்பு விலகாவிட்டால், அவருக்குப் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். 1974-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் வெளியிட்ட முறை இந்த அழுத்தம்தான். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முறை வேறு என்பதால், முதலுதவிப் பயிற்சி ஒன்றை எல்லோரும் பெற்றுக்கொள்வது நல்லது.

அழைத்தவருக்கும் கடமைகள் உண்டு. அவை விருந்தினரின் கடமைகளைவிடக் கனமானவை. விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை என்பது; விருந்தினர் உங்கள் வீட்டு முறைகளுக்குப் புதியவர். எங்கே அமர்வது, எப்போது தொடங்குவது, எங்கே கை கழுவுவது என்பதையெல்லாம் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். போதும் என்று சொன்னவருக்கு மறுபடியும் இடாதீர்கள். ஒருமுறை உபசரிப்பது அன்பு. கையால் தட்டை மறைத்தவரின் விரல் இடுக்கு வழியாக இடுவது அவருடைய சொல்லை மதிக்காமை. வேண்டாம் என்பதற்குக் காரணமும் கேட்காதீர்கள். விருந்தினர் யாராவது தவறான கரண்டியை எடுத்தால் நீங்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். முடிந்தால் நீங்களும் அதையே எடுத்து உண்ணுங்கள். பிறர் பிழையை மேசையில் திருத்துவதைவிடப் பெரிய மேசைப் பிழை எனக்குத் தெரிந்து வேறில்லை. வீட்டுக் குழந்தைகளையும் விருந்தினர் முன்னால் அதட்டாமல், நீங்கள் உண்ணும் விதத்தால் காட்டிவிட்டு, சொல்ல வேண்டியதைப் பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

உண்டு முடித்ததைச் சொல்லாமலே சொல்லும் குறிகளும் உண்டு. முள்கரண்டியும் கத்தியும் உள்ள மேசையில், இடையில் சற்று நிறுத்துகிறீர்கள் என்றால் இரண்டையும் தட்டின்மேல் ஒன்றுக்கொன்று சாய்வாக, கூரைபோல வையுங்கள். முடித்துவிட்டீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்து இணையாக வையுங்கள், பரிமாறுகிறவர் கேட்காமலே தட்டை எடுத்துக்கொள்வார். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் கைத்துண்டை நாற்காலியிலும், முடித்து எழும்போது தட்டின் இடப்புறத்திலும் வைப்பது வழக்கம். எல்லோரும் முடிக்கும்வரை இருந்து, அழைத்தவர் எழுந்த பின் எழுங்கள். முன்னதாகப் போக வேண்டியிருந்தால் அருகில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை ஓசையின்றி உள்ளே தள்ளிவிட்டுப் போங்கள். விடைபெறும்போது அழைத்தவருக்கு மட்டுமல்லாமல், சமைத்தவருக்கும் பரிமாறியவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள். எந்த உணவு பிடித்தது என்று பெயர் குறிப்பிட்டுச் சொன்னால், காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.